ஹைப்ரிட் கோல்ஃப் மட்டைகளைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைப்ரிட் வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டுக் குழம்பியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையான கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. இடம், வலம் என்று வரும் இடங்களிலெல்லாம் வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். இடக்கை ஆட்டக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும். தூரம் என்று சொல்லும்போது பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் வரையுள்ள கேரி தூரத்தையே குறிப்பிடுகிறேன். உருண்டோடும் தூரம் இதில் சேராது.

1. ஹைப்ரிட் என்பது அயர்னா, வுட்டா? பார்த்தால் இரண்டு மாதிரியும் தெரிகிறதே.

மெல்லிய தலை கொண்ட அயர்ன், பருத்த தலையும் கூடுதல் நீளமும் கொண்ட வுட் என்ற இருவகை மட்டைகளின் இயல்பையும் கலந்து செய்யப்பட்ட மட்டை அது. ஒவ்வொரு வகையிலும் எண் குறையக் குறைய மட்டை நீளும். தலை வுட்டைப் போல உள்ளே வெற்றிடம் கொண்டது. ஆனால் அளவில் சிறியது. மிக நீளமான வுட்டான டிரைவரின் தலைக்கு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு 460 கன சென்டிமீட்டர் என்றால், ஹைப்ரிட்டின் தலை பெரும்பாலும் 100 முதல் 130 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நீளத்தில் அது அயர்னுக்கு நெருக்கமானது: 4 அயர்ன் ஏறத்தாழ 38.5 முதல் 39 அங்குலம், 4 ஹைப்ரிட் ஏறத்தாழ 40 அங்குலம், 5 வுட் 42 அங்குலத்தை ஒட்டி. பெரும்பாலானோர் 3, 4, 5 அயர்ன்களுக்குப் பதிலாகவே இதை வைத்துக்கொள்கிறார்கள்.

ஹைப்ரிட்டுகளுக்குள்ளேயே இரண்டு சாயல்கள் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும். ஒன்று வுட் சாயல்: தலை பின்பக்கம் அகன்றிருக்கும், பந்தைத் தொடும் பரப்பான முகம் வுட்டைப் போல லேசாகக் குவிந்திருக்கும். மற்றொன்று அயர்ன் சாயல்: தலை ஒடுக்கமாகவும் முகம் தட்டையாகவும் இருக்கும்; மேலிருந்து பார்த்தால் பருத்த அயர்ன் என்றே தோன்றும்.

2. 4 அயர்னை என்னால் தூக்கவே முடியவில்லை. கிட்டத்தட்ட அதே லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) உள்ள ஹைப்ரிட் மட்டும் எப்படி எழும்புகிறது?

தலையில் எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம். அயர்னின் தலை மெல்லியதாக இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் முகத்தை ஒட்டியே இருக்கிறது. ஹைப்ரிட்டின் அடிப்பகுதி அகலமானது. எடையின் பெரும்பகுதி தாழ்வாகவும் முகத்திலிருந்து பின்தள்ளியும் இருக்கும். தாழ்ந்த ஈர்ப்பு மையம் பந்தை உயர்ந்த கோணத்தில் கிளப்புகிறது. பின்தள்ளிய எடையால், பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் தண்டான ஷாஃப்டின் கீழ்முனை சற்றே முன்னோக்கி வளைந்து, லாஃப்டும் சிறிது கூடுகிறது. முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பிவிடாது என்பதால், தவறிய அடியிலும் தூரம் பெரிதாகக் குறைவதில்லை.

அகன்ற அடிப்பகுதிக்கு இன்னொரு பயனும் உண்டு. பந்துக்குச் சற்று முன்னதாகவே மட்டை தரையைத் தொட்டுவிட்டால், நீள அயர்னின் கூர்மையான கீழ் விளிம்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். ஹைப்ரிட்டோ பெரும்பாலும் புல்லின் மேல் வழுக்கிச் சென்று பந்தை ஓரளவாவது அடித்துவிடும்.

3. நன்றாக ஆடுபவர்கள் யாரும் ஹைப்ரிட் வைத்துக்கொள்வதில்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களுக்கு 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை நினைவூட்டலாம். ஹேசல்டைன் மைதானத்தின் கடைசிக் குழியில் தென்கொரியாவின் ஒய்.இ. யாங் 3 ஹைப்ரிட்டால் அடித்த பந்து கொடிக்கு அருகில் போய் நின்றது. அங்கே பேர்டி (குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்து, டைகர் உட்ஸைவிட மொத்தம் மூன்று அடிகள் குறைவாக அடித்து வென்றார். தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்களின் பைகளில் ஹைப்ரிட் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. மிக வேகமான ஸ்விங் (மட்டை வீச்சு) உள்ள ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதைத் தவிர்ப்பது உண்மைதான். அவர்களுக்குப் பந்தை எழுப்புவது ஒரு சிக்கலே அல்ல, இடப்பக்கம் வளைந்துவிடுமோ என்பதே அவர்களுடைய கவலை. அந்தக் கவலையைப் பற்றி 11-ஆம் பதிலில் பார்ப்போம்.

4. என் பையில் எத்தனை ஹைப்ரிட் இருக்க வேண்டும்?

எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் அயர்ன்கள் எந்த இடத்தில் வேலை செய்வதை நிறுத்துகின்றன என்பதைக் கண்டுபிடியுங்கள். 7 அயர்னில் தொடங்கி 6, 5, 4 என ஒவ்வொன்றாலும் பத்துப் பந்துகள் அடியுங்கள். படுமோசமாகத் தவறியவற்றை நீக்கிவிட்டு, மற்றவை விழுந்த தூரங்களில் நடுவாக உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த ஓர் அடியைக் குறித்துக்கொள்வதில் பயனில்லை. ஓர் அயர்ன் அதற்கு அடுத்த குட்டை அயர்னைவிட 10 யார்டாவது கூடுதலாகப் பறக்கவில்லை என்றால், அந்த அயர்னுக்கும் அதைவிட நீளமானவற்றுக்கும் பதிலாக ஹைப்ரிட் தேவைப்படுகிறது என்று பொருள்.

தூரத்தோடு உயரத்தையும் பாருங்கள். 5 அயர்ன் 6 அயர்னைவிட 10 யார்டு கூடுதலாகப் போனாலும், தாழ்வாகப் பறந்து, குழியைச் சுற்றியுள்ள மென்புல் பரப்பான கிரீனைத் தாண்டி ஓடிவிடுகிறது என்றால் அதனால் கிரீனைக் குறிவைக்க முடியாது. பந்து இறங்கும் கோணத்தைக் காட்டும் கருவி கிடைத்தால், 40 டிகிரிக்குக் குறைவாக இறங்கும் பந்து கிரீனில் நிற்பது கடினம் என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

அளந்து பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்காக ஒரு தோராயக் கணக்கு: டிரைவரை மணிக்கு 90 மைலுக்கும் குறைவான வேகத்தில் வீசுபவருக்கு 4 அயர்னால் பெரிய பயன் இருப்பதில்லை, 80 மைலுக்கும் குறைவென்றால் 5 அயர்னும், பலருக்கு 6 அயர்னும்கூட, ஹைப்ரிட்டுக்கு இடம் கொடுப்பதே நல்லது.

5. 4 அயர்னை எடுத்துவிட்டு 4 ஹைப்ரிட் வாங்கினால் சரியாகிவிடும்தானே?

இந்தக் கணக்கை நம்பி வாங்கியவர்களே பிறகு அதிகமாகக் குழம்பி வருகிறார்கள். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணுக்கு எந்த விதியும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 4 ஹைப்ரிட் 21 டிகிரியாக இருக்கும், இன்னொன்றின் 4 ஹைப்ரிட் 23 டிகிரியாக இருக்கும். அயர்ன்களில் வித்தியாசம் இன்னும் அதிகம்: பழைய பாணிச் செட் ஒன்றில் 7 அயர்ன் 34, 35 டிகிரியாக இருக்க, தூரத்துக்கென்று செய்யப்பட்ட இன்றைய செட்டுகளில் அதே 7 அயர்ன் 28 முதல் 30 டிகிரிக்குள் வந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக, உங்கள் புதிய அயர்ன் செட்டில் 6 அயர்ன் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 5 அயர்னுக்குப் பதிலாக என்று எண்ணி 26 டிகிரி உள்ள 5 ஹைப்ரிட்டை வாங்கினால், எண்ணில் நீளமான அந்த மட்டை 6 அயர்னைவிட அதிக லாஃப்ட் கொண்டதாகிவிடும். இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் பந்தைப் போடும். பழைய பாணிச் செட்டில் 5 அயர்ன் 27 டிகிரியாக உள்ளவருக்கோ அதே ஹைப்ரிட் ஓரளவு பொருந்தும்.

எனவே எண்ணை மறந்துவிட்டு, பையில் நிலைத்திருக்கப் போகும் மிக நீளமான அயர்னின் லாஃப்டைத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அது இருக்கும். அதிலிருந்து நீளமான மட்டைகளை நோக்கி, லாஃப்ட் 3 அல்லது 4 டிகிரி குறைவதற்கு ஒன்றாக எண்ணுங்கள். ஒரே லாஃப்ட் இருந்தாலும் ஹைப்ரிட், அயர்னைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளம் என்பதாலும் 2-ஆம் பதிலில் சொன்ன காரணங்களாலும், சற்றுக் கூடுதலாகவே போகும். எனவே 21 டிகிரி அயர்ன் ஒன்றின் தூரம் வேண்டுமென்றால் 22 அல்லது 23 டிகிரி ஹைப்ரிட்டிலிருந்து அடித்துப் பார்க்கத் தொடங்குவது பொருத்தம்.

6. இரண்டு மூன்று ஹைப்ரிட் வாங்கினால் எல்லாம் ஒரே கம்பெனியாக, ஒரே மாடலாக இருந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. விதிகளும் அதைக் கேட்கவில்லை, பந்துக்கும் அது தெரியாது. ஒத்துப்போக வேண்டியவை வேறு: ஒன்றுக்கொன்று 10 முதல் 15 யார்டு வரை சீரான இடைவெளி, ஏறத்தாழ ஒரே எடையும் விறைப்பும் உள்ள ஷாஃப்டுகள், ஒரே பருமனுள்ள கிரிப் (கைப்பிடி உறை). இவை அமைந்துவிட்டால் தலையின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் ஆட்டம் கெடாது. இவை அமையாமல் ஒரே பெயர் பொறித்த மூன்று மட்டைகள் இருந்தும் பயனில்லை.

ஆயினும் ஒரே மாடலுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்துக் குனிந்து பார்க்கும்போது, முகம் எங்கே நோக்குகிறது என்பதைத் தலையின் வடிவத்தைக் கொண்டுதான் கண் தீர்மானிக்கிறது. ஒன்று வுட் சாயலிலும் மற்றொன்று அதிக ஆஃப்செட் (முகம் ஷாஃப்டைவிடச் சற்றுப் பின்தள்ளி இருப்பது) உள்ள அயர்ன் சாயலிலும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மனம் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். தன்னை அறியாமலே ஒன்றில் முகத்தை மூடியும் மற்றொன்றில் திறந்தும் வைத்துவிடுவோம். ஆகவே மாடல் வேறாக இருந்தாலும் சாயல் ஒன்றாக இருப்பது நல்லது என்பது என் கருத்து.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 18 அல்லது 19 டிகிரி ஹைப்ரிட்டை டீயிலிருந்தும் (குழியின் தொடக்க இடம்) ஃபேர்வேயிலிருந்தும் (குட்டையாக வெட்டிய புல்வெளி) தூரத்துக்காகப் பயன்படுத்துகிறீர்கள், 25 டிகிரியை மட்டும் கிரீனைக் குறிவைத்து அடிக்கிறீர்கள் என்றால், முதலாவது வுட் சாயலிலும் இரண்டாவது அயர்ன் சாயலிலும் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. அவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை.

7. அயர்ன் செட் எந்தக் கம்பெனியோ, ஹைப்ரிட்டும் அதுவாகவே இருந்தால் நல்லதல்லவா?

செட்டோடு சேர்த்தே விற்கப்படும் ஹைப்ரிட்டுகளுக்கு ஒரு வசதி உண்டு: அயர்ன்களின் லாஃப்ட் வரிசை எங்கே முடிகிறதோ அங்கிருந்து தொடங்குமாறு அவற்றைத் தயாரிப்பாளரே அமைத்திருப்பார், பெரும்பாலும் ஷாஃப்டும் அதே குடும்பமாக இருக்கும். தனியாக வாங்கும்போது அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். ஆனால் அது 5-ஆம் பதிலில் சொன்ன கணக்குதான். அதற்காக ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் ஹைப்ரிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

8. அயர்னில் ஸ்டீல் ஷாஃப்ட் வைத்திருக்கிறேன். ஹைப்ரிட்டில் கிராஃபைட் வருகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எடை படிப்படியாக மாற வேண்டும். மட்டை நீளமாக நீளமாக ஷாஃப்ட் இலேசாவதே இயல்பான வரிசை. அயர்னில் 120 கிராம் ஸ்டீல், டிரைவரில் 60 கிராம் கிராஃபைட் வைத்திருப்பவருக்கு ஹைப்ரிட்டில் 80 முதல் 90 கிராம் வரையுள்ள கிராஃபைட் இயல்பாக இருக்கும். அவருக்கே 55 கிராம் ஷாஃப்ட் உள்ள ஹைப்ரிட்டைக் கொடுத்தால், கையில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றி ஸ்விங்கின் வேகமும் ஒழுங்கும் குலைந்துவிடும். அயர்னிலேயே 65 கிராம் கிராஃபைட் வைத்திருப்பவருக்கோ அதே அளவில் அல்லது சற்றுக் குறைவாக இருக்கும் ஹைப்ரிட் ஷாஃப்ட் போதும்.

விறைப்பைக் குறிக்கும் ரெகுலர், ஸ்டிஃப் போன்ற பெயர்களுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவு எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவருடைய ரெகுலர் இன்னொருவருடைய ஸ்டிஃபுக்குச் சமமாக இருக்கக்கூடும். பெயரைப் பார்த்துப் பொருத்துவதைவிட, எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அடித்துப் பார்த்து உறுதிசெய்வதே மேல்.

9. பழைய ஃபேர்வே வுட்டில் நல்ல ஷாஃப்ட் இருக்கிறது. அதைக் கழற்றி ஹைப்ரிட்டில் போடலாமா?

பொதுவாக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வுட் ஷாஃப்டுகளின் கீழ்முனை பெரும்பாலும் 0.335 அங்குல விட்டம் கொண்டது. ஹைப்ரிட் தலைகளின் துளை பெரும்பாலும் 0.370 அங்குலம். முனை துளைக்குள் தளர்வாகவே இருக்கும். இடையில் வளையம் கொடுத்து ஒட்டினாலும், அந்த ஷாஃப்ட் ஹைப்ரிட் தலையின் கூடுதல் எடைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. வீசும்போது குழைவாகத் தோன்றும். திருகிக் கழற்றும் வகையிலும் இதே தொல்லை உண்டு: அந்த இணைப்புக் குழாய் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், ஒரே நிறுவனத்திலும் டிரைவருக்கு ஒன்று, ஹைப்ரிட்டுக்கு வேறொன்று என்று இருப்பதுண்டு.

10. நீளம், ஸ்விங் வெயிட் (வீசும்போது உணரப்படும் தலையின் கனம்), கிரிப் எல்லாவற்றையும் அயர்னோடு சமமாக்கிவிடலாமா?

கிரிப்பைச் சமமாக்கலாம், ஆக்கவும் வேண்டும். கையில் தொடும் ஒரே பகுதி அதுதான். ஆனால் கனமான கிரிப்புக்கு மாறினால், ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் கூடுவதற்கு ஒரு புள்ளி வீதம் ஸ்விங் வெயிட் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நீளத்தை அயர்னோடு சமமாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஹைப்ரிட் சற்று நீளமாக இருப்பதாலேயே அதன் தலை எடை அந்த நீளத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கிறது. அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் இறங்கும், தலை இலேசாகத் தோன்றும், தூரமும் சிறிது குறையும். ஆனாலும் மட்டை நீளமாக இருப்பதாலேயே நடுமுகத்தில் அடிக்க முடியாதவர்கள் அரை அங்குலம் குறைத்துக்கொள்வதால் பெறும் நன்மை, இழப்பைவிட அதிகமாக இருக்கலாம். அப்படி வெட்டினால் எல்லா ஹைப்ரிட்டுகளையும் ஒரே அளவு வெட்டுங்கள். ஒன்றை மட்டும் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசிப் பதிலில் காணலாம்.

11. மற்ற எல்லா மட்டையும் நேராகப் போகிறது. ஹைப்ரிட்டை எடுத்தால் மட்டும் பந்து இடப்பக்கம் ஓடுகிறது. ஏன்?

ஹைப்ரிட்டைப் பற்றி வரும் குறைகளில் இதுவே தலையாயது, காரணம் ஒன்றல்ல. முதலாவது, பல ஹைப்ரிட்டுகள் வலப்பக்கம் வளைத்து அடிப்பவர்களுக்கு உதவும் வகையில் ஆஃப்செட்டும் லேசாக மூடிய முகமும் கொண்டு வருகின்றன. நேராக அடிப்பவரின் கையில் அந்த உதவியே தொல்லையாகிறது. இரண்டாவது, ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையிலான லை கோணம். ஹைப்ரிட் உங்கள் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் மிக நிமிர்ந்திருந்தால், அதன் நுனிப்பக்கமான டோ தரையிலிருந்து தூக்கி நிற்கும், முகம் இடப்பக்கம் நோக்கும். லாஃப்ட் கூடக் கூட இந்தப் பாதிப்பும் கூடும். மூன்றாவது, 8-ஆம் பதிலில் சொன்ன மிக இலேசான ஷாஃப்ட். கைகள் முந்திக்கொண்டு முகத்தை மூடிவிடும். நான்காவது, மட்டை அல்ல, ஆட்டக்காரரே: வுட் என்று எண்ணிப் பந்தை இடக்காலின் பக்கம் தள்ளி வைத்துப் பெருக்குவதுபோல் அடிப்பது.

லை கோணத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் மேல் தடிமனாக ஒரு கோடு வரைந்து, அந்தக் கோடு செங்குத்தாக நின்று மட்டையின் முகத்தைப் பார்க்குமாறு பந்தை வையுங்கள். அடித்த பிறகு முகத்தில் அந்தக் கோட்டின் தடம் பதிந்திருக்கும். தடம் முகத்தின் கிடைக்கோடுகளுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. தடத்தின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை மிக நிமிர்ந்திருக்கிறது. ஷாஃப்டை ஒட்டிய ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் மிகப் படுத்திருக்கிறது. ஒரே அடியை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு முறையும் தடத்தைத் துடைத்துவிட்டு நாலைந்து பந்துகளாவது அடித்துப் பாருங்கள்.

தீர்வும் காரணத்தைப் பொறுத்ததே. ஆஃப்செட் குறைந்த, முகம் மூடாத மாடலுக்கு மாறலாம். சற்றுக் கனமான ஷாஃப்ட் போடலாம். லை கோணத்தை வளைத்துச் சரிசெய்வது ஹைப்ரிட்டில் எளிதல்ல. பல தலைகள் கடினமான வார்ப்பு எஃகால் ஆனவை, ஷாஃப்ட் நுழையும் கழுத்தான ஹோசலும் குட்டை. வளைக்க முயன்றால் உடையும் அபாயம் உண்டு.

12. லாஃப்டை மாற்றும் வசதியுள்ள ஹைப்ரிட் ஒன்றை வாங்கி, இரண்டு மட்டை வேலையை அதனாலேயே முடித்துக்கொள்ளலாமா?

ஒரே சுற்றில் முடியாது. சுற்று தொடங்கிய பிறகு மட்டையின் அமைப்பை வேண்டுமென்றே மாற்றி, அதனால் ஓர் அடி அடித்துவிட்டால் தகுதி நீக்கம் வரை போகும். மாற்றிவிட்டு, அடிப்பதற்கு முன் பழைய நிலைக்கே திருப்பிவிட்டால் தண்டனை இல்லை.

அந்த வசதியின் உண்மையான பயன் இடைவெளியைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் மேலும் கீழும் 1.5 அல்லது 2 டிகிரி வரை மாற்றலாம். மேலே 8 யார்டு, கீழே 17 யார்டு என்று கோணலாக விழுந்திருக்கும் இடைவெளியை ஒரே திருகலில் சமமாக்கிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லாஃப்டைக் கூட்டும்போது முகம் சற்று மூடும், குறைக்கும்போது சற்றுத் திறக்கும். இடப்பக்கம் ஓடும் பந்தால் அவதிப்படுபவர் லாஃப்டைக் கூட்டினால் அவதி கூடவே செய்யும்.

13. 7 வுட்டா, ஹைப்ரிட்டா? டிரைவிங் அயர்ன் வேறு சொல்கிறார்கள்.

21 டிகிரியை ஒட்டி மூன்றும் கிடைக்கும்; மூன்றும் வெவ்வேறு விதமாகப் பறக்கும். 7 வுட் ஹைப்ரிட்டைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் நீளமானது. பந்தை மிக உயரமாக அனுப்பிச் செங்குத்தாக இறக்கும். பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் வளைவதும் குறைவு. நல்ல ஃபேர்வேயிலிருந்து நீளமான கிரீனைக் குறிவைப்பவருக்கு, அதிலும் மெதுவான ஸ்விங் உள்ளவருக்கு, நான் 7 வுட்டையே முதலில் அடித்துப் பார்க்கச் சொல்வேன். ரஃபில் (ஃபேர்வேயை ஒட்டிய உயர்ந்த புல்லில்) பந்து அமுங்கிக் கிடந்தாலோ, எதிர்க்காற்று வலுவாக வீசும் மைதானமாக இருந்தாலோ ஹைப்ரிட் மேல்: சிறிய தலை புல்லை எளிதில் அறுத்துக்கொண்டு போகும், பந்தும் அவ்வளவு உயரம் ஏறாது. டிரைவிங் அயர்ன் வேகமான ஸ்விங் உள்ளவர்கள் டீயிலிருந்து தாழ்வாக அடிப்பதற்கு. மற்றவர்களுக்கு 4 அயர்னில் இருந்த தொல்லையே வேறு பெயரில் திரும்பி வரும்.

14. 8 அயர்ன், 9 அயர்ன் வரைக்கும் ஹைப்ரிட்டாகவே வரும் செட்டுகள் எப்படி?

ஸ்விங் வேகம் மிகக் குறைந்தவர்களுக்கும், மூட்டு வலியால் தரையை அழுத்தி அடிக்க முடியாதவர்களுக்கும் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் குட்டை மட்டைகளில் தேவைப்படுவது உயரமல்ல, தூரத்தின் மீதான கட்டுப்பாடு. 8 அயர்னை ஓரளவு நடுவில் அடிக்க முடிகிறவருக்கு அதை மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

15. ஹைப்ரிட்டை அயர்ன் மாதிரி அடிக்க வேண்டுமா, வுட் மாதிரியா?

அயர்ன் மாதிரி. பந்தை நிலைப்பாட்டின் நடுவிலிருந்து சற்று இடக்காலின் பக்கம், 5 அயர்னுக்கு வைக்கும் இடத்தில் வையுங்கள். முதலில் பந்து, பிறகு புல் என்ற வரிசையில் மட்டை லேசாகக் கீழ்நோக்கி வர வேண்டும். டீயிலிருந்து அடிக்கும்போதும் பந்து புல்லின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் அளவுக்கு, பந்தைத் தாங்கும் ஆணியான டீயைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் முகத்தின் மேல் விளிம்பில் பட்டுப் பந்து செத்து விழும்.

கிரீனின் ஓரத்திலிருந்து உருட்டிவிடவும் இது பயன்படும். 2004-இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்பில் டாட் ஹாமில்டன் கிரீனைச் சுற்றி ஹைப்ரிட்டால் பந்தைத் தட்டி உருட்டியே தப்பித்துக்கொண்டிருந்தார். சமநிலையை முறிக்க நடந்த நான்கு குழிப் பிளேஆஃபில் எர்னி எல்ஸை வென்று பட்டமும் பெற்றார். கிரிப்பைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் தட்டும் அதே அசைவைச் செய்தால் போதும்.

16. பழைய ஹைப்ரிட் வாங்கலாமா? பத்து வருட மாடல் என்றால் வீணா?

வீணல்ல. தாழ்ந்த ஈர்ப்பு மையமும் அகன்ற அடிப்பகுதியும் பத்து ஆண்டுகளுக்கு முன் செய்தவற்றிலும் உண்டு. தலையை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது குலுங்கினால், உள்ளிருக்கும் பசை பெயர்ந்திருக்கலாம். முகத்தைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பள்ளமோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹோசலும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீளத்தை அளந்து பாருங்கள்: முந்தைய உரிமையாளர் வெட்டியிருந்தாலோ ஷாஃப்டை மாற்றியிருந்தாலோ, தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள அளவுகள் அந்த மட்டைக்குப் பொருந்தாது.

17. ஹைப்ரிட் சேர்த்ததும் பையில் 15 மட்டை ஆகிவிட்டது. எதை எடுப்பது?

சுற்று தொடங்கும்போது 14-க்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் மீறல் நடந்த ஒவ்வொரு குழிக்கும் இரண்டு தண்டனை அடிகள் வீதம், ஒரு சுற்றில் அதிகபட்சம் நான்கு அடிகள் சேரும். எடுக்க வேண்டியது எது என்பதற்கு 4-ஆம் பதிலில் குறித்த தூரங்களே விடை சொல்லும்: எந்த இரண்டு மட்டைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக விழுகின்றனவோ, அவற்றில் உங்களுக்குப் பிடிக்காதது வெளியேறட்டும். பலருடைய பையில் அது பயன்படாமலே கிடக்கும் 3 வுட்டாகவோ, ஹைப்ரிட் வந்த பிறகும் பாசத்தால் விட்டுவைத்த நீள அயர்னாகவோ இருக்கிறது. கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் குட்டை மட்டைகளான வெட்ஜ்களில் கை வைப்பதைக் கடைசியாக யோசியுங்கள். அடிகள் சேமிக்கப்படுவது அங்கேதான்.

18. ஒரே மாடலில் 19, 22 டிகிரி என்று இரண்டு வாங்கினேன். இரண்டும் ஒரே தூரம் போகிறது. எல்லாம் ஒத்துப்போகிறதே, பிறகு எங்கே தவறு?

முதலில் நீளத்தை அளந்து பாருங்கள். 19 டிகிரி மட்டும் வெட்டப்பட்டு 22 டிகிரியின் நீளத்துக்கே வந்திருந்தால், லாஃப்ட் கொடுக்கும் தூரத்தில் ஒரு பகுதியை நீளம் பிடுங்கிக்கொள்ளும். அடுத்து, பொறித்திருக்கும் லாஃப்டை நம்பாமல் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பில் ஒரு டிகிரி இங்குமங்கும் போவது இயல்பு. 19 என்பது 20 ஆகவும், 22 என்பது 21 ஆகவும் இருந்துவிட்டால், காகிதத்தில் இருந்த 3 டிகிரி கையில் ஒரு டிகிரியாகச் சுருங்கிவிடும். ஷாஃப்டும் வெவ்வேறாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தூரம் பிரியவில்லை என்றால் காரணம் ஸ்விங் வேகம். மெதுவான ஸ்விங்கில் 19 டிகிரி போதிய உயரம் ஏறுவதில்லை. 22 டிகிரி உயர்ந்து பறந்து அதை எட்டிப் பிடித்துவிடுகிறது. 4 அயர்னை ஒழித்துக் கட்டிய அதே குறைபாடு இப்போது ஒரு படி மேலே வந்து நிற்கிறது. அப்படிப்பட்டவர் 3 டிகிரிக்குப் பதிலாக 4 அல்லது 5 டிகிரி இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும். 22 டிகிரியை வைத்துக்கொண்டு 19 டிகிரியைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் உயரமாகப் பறக்கும் ஒரு 5 வுட்டையோ 7 வுட்டையோ அடித்துப் பாருங்கள். அடியில் உள்ள பெயரும் தலையின் வடிவமும் அப்போது ஒத்துப்போகாது, ஆனால் பந்து 22 டிகிரியைவிட 10 யார்டாவது தள்ளி விழுந்தால் அந்த மட்டையையே பையில் வையுங்கள்.